மென்மையான பிளாக் டீ: இலை வாங்குவது முதல் ருசிப்பது வரை முழுமையான வழிகாட்டி

பால் இல்லாமல் தனியாகக் குடிப்பதற்கென்றே சில பிளாக் டீக்கள் உண்டு. நிறம் வெளிராக இருக்கும், பூவோ பழமோ தேனோ மணக்கும், தொண்டையில் பிடிக்காமல் இறங்கும். டார்ஜிலிங், நீலகிரி, நுவரெலியா, சீனாவின் கீமுன், யுன்னான் ஆகிய இடங்களின் நல்ல இலைகள் இந்த ரகம். ஆசையாக வாங்கிப் போட்டுக் குடிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்கிறார்கள்: “வெந்நீர் மாதிரி இருக்கு” அல்லது “கசக்குது”. பக்கத்தில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன. டீ லேசாகத் தெரிகிறது, உடனே இன்னும் கொஞ்ச நேரம் ஊறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்.

திடம் போதவில்லையா? இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சுற்றியே போகின்றன. வரிசை மாறாமல் ஒரு தடவை செய்து பாருங்கள். அப்புறம் உங்கள் நாக்குக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. கையில் இருப்பது சரியான இலையா?

சின்னச் சின்ன உருண்டைகளாக, ஒரே அளவில் இருந்தால் அது சி.டி.சி. இலை. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே நசுக்கி, கிழித்து, சுருட்டி எடுப்பது. வெந்நீர் பட்டதும் நிறமும் துவர்ப்பும் வேகமாக இறங்கிவிடும். பாலோடு சேர்ந்து நிற்க அது தேவை. நமக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது ஆர்தோடாக்ஸ் முறையில் செய்த, முறுக்கிய இலை.

பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்து மிரள வேண்டாம். ஓ.பி. என்றால் முழு இலை, பி.ஓ.பி. என்றால் உடைந்த இலை, ஃபேனிங்ஸும் டஸ்ட்டும் அதைவிடச் சிறியவை. இவை முதன்மையாக அளவைச் சொல்பவை. இலை சிறிதாகச் சிறிதாக ருசி சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். நுவரெலியாவின் அருமையான டீக்கள் பலவும் பி.ஓ.பி.யாகத்தான் வருகின்றன, அவற்றுக்கு ஊறும் நேரத்தைக் குறைத்தால் போதும்.

ரகங்களின் குணத்தைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் தானாகவே புரியும்.

டார்ஜிலிங் முதல் பறிப்பு பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வரும். காய்ந்த இலையிலேயே பச்சை தெரியும். இலையை மிகக் கடுமையாக வாடவைப்பதால் ஆக்ஸிஜனேற்றம், அதாவது காற்றுபட்டு இலை பழுப்பாக மாறுவது, முழுமையாக நடப்பதில்லை. பிளாக் டீ என்ற பெயரில் விற்றாலும் கொதிக்கும் நீரை அது தாங்காது. அதே தோட்டத்தின் இரண்டாம் பறிப்பு, அதாவது மே, ஜூன் பறிப்பு, வேறு முகம்: பழ வாசனை கூடும், திடமும் கூடும்.

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையான குளிர்கால இலைக்கு மணம் அதிகம். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை, வறண்ட காற்று வீசும் மாதங்களில் அங்கே நல்ல இலை கிடைக்கும். கீமுன், அன்ஹுயி மாகாணத்து இலை. மெல்லியதாக, கறுப்பாக, இறுக முறுக்கியிருக்கும். கோகோ வாசனையும் சில சமயம் லேசான புகையும் வரும். யுன்னானின் பொன்னிற மொட்டுகள் அதிகமுள்ள டீயில் தேன் மணம், துவர்ப்பு ரொம்பக் குறைவு.

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டால், யுன்னான் அல்லது நீலகிரி என்பேன். நேரமோ சூடோ கொஞ்சம் தவறினாலும் இவை பொறுத்துக்கொள்ளும். டார்ஜிலிங் முதல் பறிப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பிசகையும் அது கோப்பையில் காட்டிவிடும்.

2. வாங்கிய இலையைக் காப்பாற்றுங்கள்

காய்ந்த தேயிலை ஈரத்தையும் வாசனையையும் இழுத்துக்கொள்ளும். மசாலா, காபிப் பொடி, சோப்பு இருக்கும் அலமாரியில் வைத்தால் சீக்கிரமே அதன் மணம் போய் அவற்றின் மணம் வந்துவிடும். வெளிச்சம் புகாத, காற்று புகாத டின்னில், அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

ஃப்ரிட்ஜ் வேண்டாம். வெளியே எடுத்துத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த இலையில் படியும். டார்ஜிலிங் முதல் பறிப்பை ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். மற்றவை கவனமாக வைத்தால் இரண்டு வருடம் வரை தாங்கும். அரைக் கிலோ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவதைவிட, 50 கிராம் பைகளாக இரண்டு மூன்று ரகம் வாங்குவது நல்லது.

3. தண்ணீரை வைக்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

தண்ணீர் கொதித்த பிறகு வடிகட்டியைத் தேடுபவர்களின் டீ எப்போதும் ஒரு நிமிடம் கூடுதலாக ஊறிவிடும். எல்லாவற்றையும் முதலிலேயே மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

0.1 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு. நேரம் பார்க்க ஃபோன் போதும். ஊறவைக்க மூடியுள்ள ஒரு பாத்திரம், வடித்து ஊற்ற இன்னொரு பாத்திரம். உள்ளே வெள்ளையாக இருக்கும் கோப்பை, ஏனென்றால் நிறக் கோப்பையில் டீயின் நிறம் தெரியாது. அகலமான வடிகட்டி.

இலையை அடைத்து நீரில் தொங்கவிடும் உருண்டை வடிகட்டியைத் தவிர்த்துவிடுங்கள். முறுக்கிய இலை ஊறும்போது பல மடங்கு விரியும். உருண்டைக்குள் விரிய இடமில்லாமல் வெளியே இருக்கும் இலை மட்டும் அதிகமாக ஊறும், நடுவில் இருப்பது பாதிதான் நனையும். கோப்பையில் ஒரே நேரத்தில் துவர்ப்பும் தண்ணீர்த்தன்மையும் இருந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

பாத்திரத்தில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. வெறும் வெந்நீரை ஊற்றி முகர்ந்து பாருங்கள். வேறு ஏதாவது மணம் வந்தால், அந்த மணம் டீயிலும் வரும்.

4. தண்ணீர்

கோப்பையில் 99 சதவீதத்துக்குக் கிட்டத்தட்ட தண்ணீர்தான். ஆனாலும் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை, இலையைத்தான் திட்டுகிறார்கள்.

உப்புத் தண்ணீர், அதாவது கால்சியமும் பைகார்பனேட்டும் அதிகமுள்ள தண்ணீர், மென்மையான டீயைக் கெடுத்துவிடும். அடையாளம் எளிது: டீ கறுத்துப் போகும், மினுமினுப்பு இருக்காது, ஆறியதும் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கும். கரண்டியால் தொட்டால் அந்தப் படலம் துண்டு துண்டாகப் பிரியும். அது எண்ணெய் இல்லை. தண்ணீரின் சுண்ணாம்பும், டீக்குத் துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களும் சேர்ந்து உண்டாவது.

மறுபக்கம், சுத்தமாகத் தாது நீக்கிய ஆர்.ஓ. நீரில் டீ தெளிவாக வரும், ருசி தட்டையாக நிற்கும். டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருக்கும் தாதுக்களின் அளவு, 50 முதல் 150 வரை இருந்தால் நல்லது. ஆர்.ஓ. நீர் ரொம்பக் குறைவாகக் காட்டினால் குழாய் நீரைக் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள். கலக்க வழியில்லை, உப்புத் தண்ணீர் மட்டும்தான் என்றால், முதலில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறித் தெளிந்ததும் மேல் நீரை மட்டும் எடுத்து டீக்கு வையுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும்.

5. இலையை எடை போடுங்கள், கரண்டியை நம்பாதீர்கள்

உடைந்த இலையில் ஒரு டீஸ்பூன் எடுத்தால் 2.5 கிராம் தாண்டும். அதே டீஸ்பூனில் யுன்னான் பொன் மொட்டு ஒரு கிராமைச் சுற்றித்தான் நிற்கும், ஏனென்றால் அது உப்பலான இலை. இரண்டுக்கும் “ஒரு ஸ்பூன்” என்று கணக்கு வைத்தால், ஒன்று கடுக்கும், மற்றொன்று வெந்நீராகும்.

200 மி.லி. நீருக்கு 3 கிராமில் தொடங்குங்கள். உடைந்த இலை என்றால் 2.5 கிராம். மொட்டு அதிகமுள்ள இலைக்கு 3.5 அல்லது 4 கிராம் வரை போகலாம்.

தண்ணீரையும் அளந்துவிடுங்கள். உங்கள் பாத்திரத்தில் ஒரு முறை 200 மி.லி. ஊற்றி எந்த இடம் வரை வருகிறது என்று பார்த்துக்கொண்டால், அதற்கப்புறம் அளக்கவே வேண்டாம்.

6. பாத்திரத்தைச் சூடாக்கிவிட்டு, நீரின் சூட்டைச் சரிசெய்யுங்கள்

இந்த இரண்டையும் இதே வரிசையில் செய்யுங்கள். கனமான பீங்கான் பாத்திரம் குளிர்ந்திருந்தால், ஊற்றிய உடனேயே நீரின் சூடு பத்து டிகிரி வரை இறங்கிவிடலாம். நீங்கள் 90 என்று நினைத்து ஊறவைப்பது 80 ஆக இருக்கும். மணம் எழும்பாது. ஆகவே கொதித்த நீரைக் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றி, அரை நிமிடம் வைத்துக் கொட்டிவிடுங்கள்.

சூடான வெறும் பாத்திரத்தில் இலையைப் போட்டு மூடி, பத்து நொடி கழித்துத் திறந்து முகருங்கள். காய்ந்த இலையின் மணம் இந்தச் சூட்டில்தான் எழும்பும். டின்னில் முகர்ந்தபோது வெறும் வைக்கோல் வாசனை தந்த இலை, இங்கே பழமோ தேனோ காட்டும். பழசான இலை இங்கே அட்டைப்பெட்டி வாசனை தரும். தண்ணீர் ஊற்றும் முன்பே இலையின் நிலைமை தெரிந்துவிடுவதால், இந்தப் பத்து நொடியை நான் ஒருபோதும் விடுவதில்லை.

சூடு எவ்வளவு? டார்ஜிலிங் முதல் பறிப்புக்கும் யுன்னான் மொட்டுகளுக்கும் 85 முதல் 90 டிகிரி. நீலகிரி, நுவரெலியா, கீமுன், டார்ஜிலிங் இரண்டாம் பறிப்பு ஆகியவற்றுக்கு 90 முதல் 95 டிகிரி. கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஊற்றினால் துவர்ப்பும் கசப்பும் மணத்தை முந்திக்கொள்ளும். 80க்குக் கீழே போனால் பாதி மணம் இலையிலேயே தங்கிவிடும்.

வெப்பமானியை தினமும் வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு நாள், உங்கள் கெட்டிலில் வழக்கமாக வைக்கும் அளவு நீரைக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறந்து வைத்து, 95க்கும் 90க்கும் 85க்கும் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிலுக்குக் கெட்டில் இது மாறும், அதனால் அடுத்தவர் கணக்கு உதவாது. மலைப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு சலுகை: உயரம் 300 மீட்டர் கூடினால் கொதிநிலை ஏறத்தாழ ஒரு டிகிரி குறையும். 2,000 மீட்டரில் நீர் 93 டிகிரியை ஒட்டிக் கொதித்துவிடும், ஆறவிடாமல் நேராக ஊற்றலாம்.

7. ஊறவைப்பது: நேரத்தை நாக்கால் கற்றுக்கொள்ளுங்கள்

நீரை இலைமேல் நிதானமாக, எல்லா இலையும் நனையும்படி ஊற்றி மூடுங்கள். மூடாவிட்டால் சூட்டோடு மணமும் போகும். தொடக்க நேரம் 3 நிமிடம். உடைந்த இலைக்கு 2 நிமிடம்.

அடுப்பில் வைத்துக் கொதிக்க விடவே கூடாது. ஊறும்போது கரண்டியால் கிண்டிக்கொண்டிருக்கவும் வேண்டாம். பாதி நேரத்தில் பாத்திரத்தை ஒரு தடவை மெதுவாகச் சுழற்றினால் போதும்.

இப்போது ஒரு பயிற்சி. இதை ஒரே ஒரு நாள் செய்தால் போதும், ஆனால் கட்டாயம் செய்யுங்கள். 6 கிராம் இலைக்கு 400 மி.லி. நீர். ஆறு சின்னக் கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு நிமிட முடிவிலும் பாத்திரத்தை லேசாகச் சுழற்றி, இரண்டு கரண்டி எடுத்து ஒரு கிண்ணத்தில் விடுங்கள். சுழற்றாமல் மேலாக எடுத்தால் இலைக்குப் பக்கத்தில் இருக்கும் கெட்டியான பகுதி வராது. ஆறு கிண்ணமும் நன்றாக ஆறிய பிறகு முதலிலிருந்து ருசியுங்கள்.

நீலகிரி முழு இலையில் இது எப்படி வரும் என்று சொல்கிறேன். முதல் கிண்ணம் வெளிர் மஞ்சள். மணம் உண்டு, வாயில் ஒன்றும் நிற்காது. இரண்டாவதில் பூ வாசனை தெளிவாகும், நுனியில் ஒரு இனிப்பு தட்டும். மூன்றாவதில் மணமும் திடமும் ஒன்றாக நிற்கும். நான்காவது, பார்ப்பதற்கு மூன்றாவதிலிருந்து வித்தியாசமே தெரியாது. ஆனால் விழுங்கியதும் கன்னத்தின் உட்புறம் லேசாகப் பிடிக்கும். ஐந்திலும் ஆறிலும் அந்தப் பிடிப்பு முன்னால் வந்து, பூவைப் பின்னால் தள்ளிவிடும்.

காரணம் இதுதான். மணப் பொருள்கள் சீக்கிரமே நீரில் இறங்கிவிடுகின்றன. துவர்ப்பு தரும் பாலிஃபீனால்கள் நிற்காமல் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. மூன்று நிமிடத்துக்கு மேல் விடும் ஒவ்வொரு நிமிடத்திலும் மணம் பெரிதாகக் கூடுவதில்லை, துவர்ப்புதான் கூடுகிறது. அதே மூன்று நிமிடத்தில் இலையைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து கூடும்.

நிறத்தைப் பார்த்து நேரத்தை முடிவு செய்யாதீர்கள். புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுவே. டார்ஜிலிங் முதல் பறிப்பு முழுதாக ஊறினாலும் பொன் நிறத்தில்தான் நிற்கும், நுவரெலியாவும் வெளிர்தான். “இன்னும் கலர் வரலையே” என்று காத்திருந்தால் கலர் கடைசிவரை வராது, கசப்பு வந்துவிடும்.

8. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்துவிடுங்கள்

நேரம் முடிந்ததும் பாத்திரத்திலிருக்கும் முழுவதையும் இரண்டாவது பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு கோப்பைக்கு மட்டும் ஊற்றிவிட்டு மிச்சத்தை இலையோடு விட்டால், முதல் கோப்பை குடித்து முடிப்பதற்குள் இரண்டாவது கெட்டிருக்கும்.

கடைசிச் சொட்டுகள் கெட்டியானவை. அவை இலையோடு தங்கிவிடாமல் பாத்திரத்தைச் சாய்த்து வடியவிடுங்கள், ஆனால் இலையைப் பிழிய வேண்டாம். பிழிந்தால் வருவது துவர்ப்பும் தூளும். நாலு பேருக்கு ஊற்றும்போது நேராகக் கோப்பையில் ஊற்றினால் முதல் ஆளுக்கு லேசான டீயும் கடைசி ஆளுக்குக் கடுமையான டீயும் போகும். எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து கலந்த பிறகு ஊற்றினால் எல்லோருக்கும் ஒரே டீ.

9. ஆறவிட்டு ருசியுங்கள்

ஆவி பறக்கும்போது நாக்குக்குத் தெரிவது சூடு மட்டுமே. 60 டிகிரிக்குக் கீழே வந்த பிறகே மென்மையான டீயின் மணம் பிரிந்து தெரியும். இதில் உடல்நலமும் இருக்கிறது: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிப்பதை 2016ல் “அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது” என்ற பிரிவில் வைத்திருக்கிறது.

டீ ஆறும் நேரத்தில் ஊறிய இலையை முகருங்கள். ஊறவைத்த பாத்திரத்தின் மூடியைத் திருப்பி முகர்ந்தால் இன்னும் நல்லது, மூடியில் படிந்த ஈரத்தில் மணம் அடர்த்தியாக இருக்கும். அப்புறம் இலையை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். முதல் பறிப்பில் பச்சையும் செம்பும் கலந்திருக்கும். நன்றாக ஆக்ஸிஜனேறிய இலை செம்பு நிறத்தில் ஒரே சீராக இருக்கும்.

இப்போது ஒரு கரண்டி எடுத்து, காற்றையும் சேர்த்து சர்ரென்று உறிஞ்சுங்கள். டீ ருசிபார்க்கும் நிபுணர்கள் சத்தமாக உறிஞ்சுவதற்குக் காரணம் உண்டு. திரவம் சின்னத் துளிகளாகச் சிதறி, அதன் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறுகிறது. நாம் டீயின் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த மணமே. நம்பிக்கை வராவிட்டால் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்து, விழுங்கியதும் விரலை எடுங்கள். அதுவரை சாதாரண சூடான நீராக இருந்தது, விரலை எடுத்த நொடியில் பூவும் பழமுமாக நிறையும்.

ருசிக்கும்போது மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கவனியுங்கள். முதலில் மணம். அடுத்தது வாயில் அதன் கனம்: தண்ணீர் மாதிரி ஓடிவிடுகிறதா, நாக்கின் மேல் ஒரு கணம் தங்குகிறதா? மூன்றாவது துவர்ப்பு. துவர்ப்பு என்பதே குறை என்று நினைக்க வேண்டாம். நுவரெலியாவில் வாயைத் துடைத்துவிட்ட மாதிரி சட்டென வந்து போகும் ஒரு துவர்ப்பு இருக்கும். நிபுணர்கள் அதைப் பிரிஸ்க் என்று பாராட்டுவார்கள். வந்து போகாமல் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு காயவைத்தால் மட்டுமே அது குறை.

கசப்பையும் துவர்ப்பையும் பிரித்தறியப் பழகிவிட்டால் அடுத்த படி எளிது. கசப்பு நாக்கில் விழும் ருசி. துவர்ப்பு, உமிழ்நீரின் புரதங்களோடு பாலிஃபீனால்கள் சேர்வதால் வாயின் வழுவழுப்பு குறைந்து, ஈறிலும் கன்னத்திலும் உரசலாகத் தெரிவது. நாக்கால் பல்லின் பின்புறத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் துவர்ப்பு கூடிவிட்டது.

10. கோப்பை சொல்வதைக் கேட்டுத் திருத்துங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இலையையும் சூட்டையும் நேரத்தையும் ஒன்றாக மாற்றிவிட்டு நன்றாக வந்தால், எதனால் வந்தது என்று உங்களுக்கே தெரியாது.

மணம் நன்றாக இருக்கிறது, வாயில் கனம் இல்லை: இலையை அரை கிராம் கூட்டுங்கள். கன்னத்தில் பிடிக்கிறது: நேரத்தில் 30 நொடி குறையுங்கள். நாக்கில் கசக்கிறது: சூட்டை 5 டிகிரி குறையுங்கள். அப்படியும் கசந்தால் பையின் அடியில் தங்கும் தூளைச் சலித்து எடுத்துவிட்டுப் பாருங்கள். தூளிலிருந்து கசப்பு மிக வேகமாக இறங்கிவிடும்.

நிறம் கறுத்து, மேலே படலம் நின்றால் தண்ணீர்தான் காரணம். கனம் இருக்கிறது, மணம் மட்டும் இல்லை என்றால் பாத்திரத்தைச் சூடாக்கினீர்களா என்று பாருங்கள். சூடாக்கியும் வரவில்லை என்றால் இலை பழையது. எந்தத் திருத்தமும் அதைத் திரும்பக் கொண்டுவராது.

11. இரண்டாவது ஊறல்

முழு இலைக்கு இரண்டாவது ஊறல் உண்டு. உடைந்த இலைக்கு இல்லை, முதல் ஊறலிலேயே கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டிருக்கும். முதல் தடவையைவிட 5 டிகிரி கூடுதல் சூட்டில், 4 முதல் 5 நிமிடம் வையுங்கள். முதல் கோப்பையின் மணம் வராது, ஆனால் இனிப்பு மேலாக நிற்கும். அரை மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள். ஈர இலையை இரவு முழுக்க வைத்து மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

முதல் 30 நொடி நீரைக் கொட்டினால் காஃபீன் போய்விடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல. காஃபீன் முழுவதும் இறங்கப் பல நிமிடங்கள் ஆகும். கொட்டிய நீரில் போவது நல்ல மணம்.

யுன்னானும் கீமுனும் இருந்தால், சீனர்கள் பயன்படுத்தும் மூடிக் கிண்ணமான கைவானில் வேறு மாதிரி செய்து பார்க்கலாம். 100 மி.லி.க்கு 5 கிராம், 15 முதல் 20 நொடி, உடனே வடித்துவிட வேண்டும். அதே இலையில் ஐந்தாறு சின்னக் கோப்பைகள் வரும், ஒவ்வொன்றுக்கும் சில நொடி கூட்டிக்கொண்டே போக வேண்டும். இலையைக் கூட்டி நேரத்தைச் சுருக்கினால் என்ன ஆகும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி இல்லை.

12. பால், சர்க்கரை, எலுமிச்சை

பாலின் புரதம் பாலிஃபீனால்களைப் பிடித்துக்கொண்டு துவர்ப்பைத் தணிக்கும். கடுமையான டீக்கு அது தேவை. தணிக்க வேண்டிய துவர்ப்பே இல்லாத டீயில் பால் செய்யும் ஒரே வேலை, மணத்தை மூடுவது.

சர்க்கரை உங்கள் விருப்பம். முதல் பாதிக் கோப்பையை எதுவும் சேர்க்காமல் குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எலுமிச்சை நீலகிரிக்கும் நுவரெலியாவுக்கும் பொருந்தும். கீமுனின் கோகோ வாசனையோடும் யுன்னானின் தேனோடும் அது சண்டை போடும். வடித்த பிறகு சில சொட்டு மட்டும் விடுங்கள். புளிப்பு பட்டதும் நிறம் சட்டென வெளிறும். நீர்த்துவிட்டதாக நினைத்து இலையைக் கூட்ட வேண்டாம்.

13. குளிர்ந்த டீ

சூடாகப் போட்ட டீயை ஃப்ரிட்ஜில் வைத்தால் கலங்கிப் போகலாம். காஃபீனும் பாலிஃபீனால்களும் குளிரில் ஒன்றுசேர்ந்து திரள்வதால் வருவது, கெட்டுப்போனதல்ல. கொஞ்சம் வெந்நீர் சேர்த்தால் தெளிந்துவிடும்.

இதைவிட நல்ல வழி, முதலிலிருந்தே குளிர்ந்த நீரில் ஊறவைப்பது. குடிக்கத் தகுந்த சுத்தமான நீர் ஒரு லிட்டருக்கு 10 கிராம் இலை. மூடி, ஃப்ரிட்ஜில் 8 மணி நேரம். வெளியே வைக்காதீர்கள், வெந்நீர் படாத இலையில் கிருமிகள் பெருக அது இடம் கொடுக்கும். வடித்து ஒரு நாளைக்குள் குடித்துவிடுங்கள். குளிர்ந்த நீரில் துவர்ப்பு மிகக் குறைவாகவே இறங்குவதால், சூட்டில் கையாளக் கடினமான டார்ஜிலிங் முதல் பறிப்பு இங்கே எந்தத் தொந்தரவும் தராது.

14. இரண்டு டீயைப் பக்கத்தில் வைத்து ருசிப்பது

ஒரு டீயை மட்டும் குடித்து “நன்றாக இருக்கிறது” என்பதற்கு மேல் எதுவும் சொல்வது கடினம். இரண்டைப் பக்கத்தில் வைத்தால் நாக்கு தானாக வித்தியாசம் சொல்லும்.

டீ ருசிபார்ப்பதற்கென்று ஐ.எஸ்.ஓ. 3103 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. 100 மி.லி.க்கு 2 கிராம், கொதிக்கும் நீர், 6 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் அதே மாதிரி போட்டு, கடுக்கிறது என்று நொந்துகொள்பவர்கள் உண்டு. அது எல்லா டீயையும் ஒரே அளவில் வைத்து ஒப்பிட, குறைகளை வெளியே கொண்டுவர ஏற்பட்ட முறை, ரசித்துக் குடிப்பதற்கானதல்ல. வீட்டில் இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே சூடு, ஒரே நேரம் வையுங்கள்.

லேசானதை முதலில் ருசியுங்கள், இல்லையென்றால் திடமானதற்குப் பிறகு அது காணாமல் போகும். நடுவில் ஒரு வாய் வெறும் நீர். பிறகு வரிசையை மாற்றி இன்னொரு சுற்று.

மணத்துக்குப் பெரிய வார்த்தைகளைத் தேட வேண்டாம். உங்கள் மூக்குக்கு நினைவுக்கு வருவதை எழுதுங்கள்: ஈர மரம், உலர் திராட்சை, வெட்டிய புல், வறுத்த கடலை, எதுவானாலும் சரி. பிடித்துப்போன அளவை ஒரு சீட்டில் எழுதி டின்னிலேயே ஒட்டிவிடுங்கள்: எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம். புதுப் பை வாங்கினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடியும் 3 கிராமில் தொடங்குங்கள். அதே தோட்டத்து இலையாக இருந்தாலும், அடுத்த பறிப்புக்கு அந்த எண்கள் பொருந்தாமல் போகலாம்.